பீரோவில் இருந்த பிள்ளைகள்

போன் அடிக்கு பாரும்மா. ஒன் பையிலதான். எடுக்க மாட்டியா? யாரு, வீட்டுக்காரரா? சரி சரி, நான் கேக்கல, நமக்கு எதுக்கு. ஆனா ஒண்ணு சொல்லுதேன், அடிக்கிற போனைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க என்னால முடியாது. கை தானா நீளும். அந்தக் கை நீண்டதுக்குத்தான் இன்னைக்கு வேலை போயி, பெட்டியத் தூக்கிக்கிட்டு இந்த பஸ்ஸுல ஏறி, சங்கரன்கோவில்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்.

வருத்தம்லாம் ஒண்ணும் கிடையாது. நெஞ்சுல என்னமோ அடைச்ச கணக்கா இருக்கு, அது காலைல தின்ன பூரி. பஸ் ஸ்டாண்டு பூரில்லா, அப்படித்தான் இருக்கும்.

நான் சண்முகவடிவு. பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டல் வார்டன். வார்டனா இருந்தேன்னு சொல்லணுமோ? எந்த காலேஜ்னு கேக்காத, பேரைச் சொன்னா அதுக்கும் ஒரு விசாரணை வைப்பாவ. இங்கன திருநெல்வேலி பக்கம்தான். பெரிய கேட்டு, உள்ள ஒரு நீரூற்று, தண்ணி வராது.

எல்லாம் அனுசூயா மேடத்துல ஆரம்பிச்சுது. மனோதத்துவத் துறையில பெரிய டாக்டர். ஊசி போடுத டாக்டர் இல்ல, படிச்ச டாக்டர். அவங்களுக்கு ஒரு ஆராய்ச்சி. இந்தக் காலத்துப் பிள்ளைக எந்நேரமும் போனும் கையுமா இருக்குல்லா, அதுகளுக்கு மனசுல என்ன ஓடுதுன்னு வாயத் தொறந்து சொல்லத் தெரியுமான்னு பாக்கணுமாம். ஹாஸ்டலுக்கே வந்துட்டாவ. மெஸ்ஸுல ஒரு நாற்காலியப் போட்டு, ஒவ்வொரு பிள்ளையா கூப்புட்டு, "இப்ப உன் மனசுல என்னம்மா தோணுது?"ன்னு கேக்காவ. எல்லாம் ஒரே பதில். "ஓகே மேடம்."

"ஓகேன்னா சந்தோசமா, துக்கமா?"

"ஓகேன்னா ஓகே மேடம்."

ஒரு பிள்ள என்ன சொல்லன்னு தெரியாம முழிச்சு முழிச்சுப் பாத்துட்டு, போனை எடுத்து ஒரு பூனைப் படத்தைக் காட்டுச்சு. பூனை குப்புறப் படுத்துக் கிடக்கு. "இதான் மேடம் நான்." அனுசூயா மேடத்துக்கு அப்படியே முகம் மலந்துட்டு. ஆராய்ச்சிக்குக் கிடைச்ச பூனைல்லா.

எனக்குன்னா எரிச்சலா வந்துச்சு. என்ன பிள்ளைக இதுக? மனசுல உள்ளத வாய்விட்டுச் சொல்லத் தெரியாதா? எங்க காலத்துல இப்படியா இருந்தோம்? என் வீட்டுக்காரரு தவறுனப்போ நான் எப்படி இருந்தேன்னு நெனைக்க? பொட்டுக் கண்ணீர் விடல. காரியம் முடிஞ்ச மறுநாளே மெஸ்ஸுக்குக் காய்கறி எடுக்க வந்து நின்னேன். எல்லாரும் அசந்துட்டாவ. என் மவன் புனேல இருக்கான். தினம் காலைல நான் ஒரு ரோசாப்பூ படம் அனுப்புவேன், அவன் ஒரு கட்டைவிரலு அனுப்புவான். அவ்வளவுதான். அதுக்கு மேல பேச வேண்டியதே இல்ல, எங்களுக்குள்ள அப்படி ஒரு ஒட்டுதல். இதுகளுக்கு அதெல்லாம் எங்க தெரியுது?

சரி, ஆராய்ச்சி முடிஞ்சுது. எந்தப் பிள்ள போனை ரொம்பப் பாக்குதோ அதுக்குத் தன் மனசு தனக்கே தெரியலன்னு அனுசூயா மேடம் கூட்டம் போட்டுச் சொன்னாவ. காலேஜ நடத்துத கரஸ்பாண்டன்ட் அய்யா உடனே எந்திரிச்சு, "ஒரு வாரம் கைபேசி நோன்பு"ன்னு அறிவிச்சுட்டாரு. எல்லாப் பிள்ளைகளும் போனை வார்டன்கிட்ட ஒப்படைக்கணும். பெத்தவங்களுக்குக் காலேஜ் ஆப்புல தகவல் போகும்னாவ. போச்சுதான். காலேஜ் அனுப்புத தகவலை எந்தப் பெத்தவங்க தொறந்து பாக்காவ, நீயே சொல்லு?

என் ரூம்ல ஒரு இரும்பு பீரோ இருக்கு. ஒவ்வொரு போன் முதுகுலயும் பிள்ள பேரு, ரூம் நம்பரு எழுதி ஒட்டி, அடுக்கி, பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன்.

முதல் நாளு பாக்கணுமே நீ. செத்த வீடு தோத்துது. பிள்ளைக நடக்குது, கை மட்டும் போன் பிடிச்ச மாதிரியே மடங்கி இருக்கு. கட்டைவிரலு தன்னால மேலயும் கீழயும் போகுது. ஒருத்தி சோப்பு டப்பாவக் கையில வச்சுக்கிட்டே திரியுதா. மெஸ்ஸுல உக்காந்தா சோறு எறங்கல. முன்னால என்னத்தையாவது பாக்காம அதுகளுக்கு வாய் மெல்லாதாம். கடேசில ஒரு பிள்ள பிஸ்கட் பாக்கெட்ட தம்ளர்ல சாய்ச்சு நிறுத்தி, அதப் பாத்துக்கிட்டே சாப்ட்டா. அது நல்ல யோசனையாத் தெரிஞ்சுது எல்லாத்துக்கும். மறுநாள் மெஸ்ஸு முழுக்க பிஸ்கட் பாக்கெட்டு. ஒருத்தி பாக்கெட்ட எட்டிப் பாத்து இன்னொருத்தி, "ஏட்டி, உன்னுதுல என்ன ஓடுது?"ன்னு கேக்கா. "முந்திரி"ங்கா இவ. நான் எதையும் கண்டுக்கல. சாப்ட்டாப் போதும்னு விட்டுட்டேன்.

இதுகூடப் பரவால்ல. பீரோ இருக்குல்லா, அது சாயங்காலம் ஆச்சுன்னா ஆரம்பிச்சிரும். உள்ள ஒவ்வொண்ணா அதிரும். ஒண்ணு அதிர்ந்தா பக்கத்துல உள்ளதும் சேந்து நகரும். இரும்பு பீரோல்லா, தேன்கூட்டக் கலைச்சுவிட்ட கணக்கா உறுமுது. ஒரு போன்ல சாமி பாட்டு, ஒண்ணுல நாய் குலைக்கு, ஒண்ணுல பச்சப்பிள்ள சிரிக்கு. பூட்டுன பீரோவுக்குள்ள பச்சப்பிள்ள சிரிச்சா உனக்கு எப்படி இருக்கும்? எல்லாத்தையும் அணைச்சு வைப்போம்னுதான் தொறந்தேன். சத்தியமா அதுக்குத்தான் தொறந்தேன்.

கையில வந்த போனு ஜெபக்கனின்னு ஒரு பிள்ளையோடது. சாத்தான்குளத்துப் பிள்ள, ரெண்டாம் வருசம் வேதியியல் படிக்கா. அணைக்கத் தெரியாம எதையோ தேச்சுட்டேன் போல. உள்ள ஒரு ஆம்பளக் குரலு.

"சாப்ட்டியா?"

எனக்கு என்ன செய்யன்னு தெரியல. யாராவது சாப்ட்டியான்னு கேட்டா என்ன சொல்லுவோம்? "சாப்ட்டேன்"ன்னுட்டேன்.

"ம்."

"ம்."

"சரி." வச்சுட்டாரு.

அவரு பிள்ளைன்னே நெனச்சுட்டாரு! எனக்குக் குரலு கொஞ்சம் கீச்சுக் குரலு, கேட்டியா. கேஸு புக் பண்ணப் போன் பண்ணுனா, "பாப்பா, அம்மாட்ட குடு"ம்பான். அதான்.

மறுநாள் மெஸ்ஸுல ஜெபக்கனியப் பிடிச்சுக் கேட்டேன், "ஏட்டி, உங்க அப்பா உங்கிட்ட என்ன பேசுவாரு?"

"சாப்ட்டியாம்பாரு. சாப்ட்டேம்பேன். வச்சிருவாரு."

"வேற?"

"வேற என்ன மேடம்?"

அவளுக்கு அம்மா இல்ல. அவ பத்தாவது படிக்கும்போதே மஞ்சக்காமாலையில போயிட்டாவளாம். சவப்பெட்டிய வீட்டுல வச்சிருக்கு, இவ பக்கத்துல உக்காந்து போன்ல கலர் முட்டாய உடைக்கிற விளையாட்ட விளையாடிக்கிட்டு இருந்திருக்கா. சொந்தக்காரங்க இன்னைக்கும் அதச் சொல்லிச் சொல்லிப் பேசுவாவளாம். வீட்டுல அப்பாவும் இவளும்தான். அப்பா பேரு ஞானசிகாமணி. பைப்பு, மோட்டார் கடை வச்சிருக்காரு.

அன்னைக்குச் சாயங்காலம் அதே போன் அடிச்சுது. எடுக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா அந்த மனுசன் பாவம், பதில் வரலன்னா தவிப்பாருல்லா? எடுத்தேன்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க சாப்ட்டீங்களா?"

லைன் போச்சோன்னு பாத்தேன். போகல. பொறவு மெதுவா, "இல்ல. இட்லி வாங்கி வச்சிருக்கேன்"ன்னாரு.

"ஆறிப் போகும்லா?"

"ஆறத்தான் செய்யும்"ன்னாரு. சிரிச்சாரா, என்னன்னு தெரியல. ஒரு சத்தம் வந்துச்சு. பொறவு வச்சுட்டாரு.

அதுக்கப்புறம் ஒரு போனை எடுத்துட்டு ஒரு போனை எப்படி விட? எல்லாத்துக்கும் பெத்தவங்கதான? எல்லாரும் நாள் முச்சூடும் உழைச்சுட்டு சாயங்காலம் பிள்ள குரலைக் கேக்க அடிக்கிறாவ. எடுத்தேன். ஒவ்வொண்ணா எடுத்தேன். "அம்மா, நல்லா இருக்கியா, முட்டுவலி எப்படி இருக்கு?"ன்னு கேப்பேன். எல்லா அம்மாவுக்கும் முட்டுவலிதான், குருட்டாம்போக்குல சொன்னாலும் தப்பாது. "முடக்கத்தான் ரசம் வச்சுக் குடி"ன்னு சொல்லுவேன். அந்தப் பக்கம் அப்படியே உருகிப் போகும். "என் தங்கமே, உனக்கு இதெல்லாம் எப்பம்மா தெரிஞ்சுது"ன்னு ஒரு அம்மா ஒரே அழுகை. நான்தான் அவங்களச் சமாதானப்படுத்துனேன்.

ஒரு நாளு மகிஷான்னு ஒரு பிள்ளையோட போன்ல 'கேஸ் சிலிண்டர்'ன்னு பேரு வருது. சரி, கேஸ்காரன்தான்னு எடுத்தா, "பேபி"ங்கான்.

"பேபியா? புக் பண்ணி எத்தன நாளாச்சு, இன்னும் வரல?"ன்னேன்.

"கோவமா இருக்கியா?"ங்கான்.

"கோவம் வராதா? இங்க அடுப்பு அணைஞ்சு போய்க் கிடக்கு."

அவ்வளவுதான்ம்மா. அந்தப் பையன் விம்முதான். "நான்தான் தப்பு பண்ணிட்டேன், உன்னக் காக்க வச்சிட்டேன், அந்த நெருப்ப நான் அணைய விட்டுருக்கக் கூடாது"ன்னு. எனக்கு ஒண்ணும் விளங்கல. ஏஜென்சில ஆளு குறைவு போல, அதான் அழுதான்னு நெனச்சேன். "அழாதப்பா, நாளைக்காவது கொண்டு வா"ன்னேன். மறுநாள் ஹாஸ்டல் கேட்டு வாசல்ல ஒருத்தன் ரோசாப்பூவோட நிக்கான். மகிஷா மூஞ்சியப் பாத்து, "நீ இப்படிப் பேசுவன்னு நான் நெனைக்கவே இல்ல"ங்கான். அவ, "எப்படி?"ங்கா. பொறவுதான் எனக்கு விளங்குச்சு, அவன் கேஸ்காரன் இல்லன்னு.

நான் போனுக்கு அடிமையாயிட்டேன்னு விசாரணையில ஒருத்தரு சொன்னாரு. அடிமையா? நானா? சாயங்காலம் சீரியல் பாக்குத நேரத்தத்தான் இதுக்கு ஒதுக்குனேன். மதியமே ரெண்டு தடவ பீரோவத் தொறந்து பாத்தேன்னா அது சார்ஜ் இருக்கான்னு பாக்க. அத்தன போனுக்கும் சார்ஜ் போடுதது யாரு சோலி?

ஜெபக்கனி அப்பாதான் இப்ப நேரத்துக்கு முன்னாலயே அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. உடன்குடியிலேந்து ஒருத்தன் மோட்டாரைத் தண்ணிக்குள்ள போட்டுத் தொலைச்சுட்டு வந்த கதை, பக்கத்துக் கடைக்காரன் போட்டிக்குக் கடை தொறந்த கதை, எல்லாம் சொல்லுவாரு. நல்ல தமாசாப் பேசுத மனுசன். நான் ம்... ம்...ன்னு கேப்பேன். ஒரு நாளு பேச்சோட பேச்சா சொன்னாரு, "வியாழக்கெழம எனக்கு நெஞ்சுல ஆபரேசன் கனி. திருநெல்வேலியிலதான். அடைப்பு இருக்காம். ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். கடைப் பையன் பால்துரை மட்டும் கூட வாரான்."

பீரோக் கதவச் சாத்திட்டுக் கட்டில்ல உக்காந்தேன்.

"பயமா இருக்கு பிள்ள"ன்னாரு. "யார்ட்டயும் சொல்லல. ஒங்கிட்டதான் சொல்லுதேன்."

நான் என்ன சொல்ல? நான் வார்டன் பேசுதேன்னு சொல்லவா அந்த நேரத்துல? "பயப்படாதீங்கப்பா, எல்லாம் நல்லபடியா முடியும்"ன்னுட்டேன். அந்த மனுசன் என்னவிட வயசுல இளையவரா இருப்பாரு, பாத்துக்கோ.

உடனே ஜெபக்கனிய ரூமுக்குக் கூப்புட்டு, கதவச் சாத்தி, எல்லாத்தையும் சொன்னேன். நான் பேசுனதையும் சொன்னேன், ஆபரேசனையும் சொன்னேன். அழுவா, என் மேல விழுவா, தாங்கிப் பிடிக்கணும்னு தயாரா நிக்கேன். அவ நின்ன இடத்துலேந்து அசையல.

"ஓ"ன்னா. பொறவு, "வயித்த என்னமோ பண்ணுது மேடம்"ன்னா.

எனக்கு ஆத்திரமா வந்துச்சு. "ஏட்டி, அப்பனுக்கு நெஞ்சத் தொறக்கப் போறாவங்கேன், நீ வயிறுங்கிற?"

"எனக்குத் தெரியல மேடம். வயிறா, வேற எதுவுமான்னு தெரியல. எனக்கு எல்லாம் வயித்துலதான் வரும்."

ஓமத் தண்ணி கலக்கிக் குடுத்தேன். குடிச்சா. "போய் நீயே பேசு"ன்னு அவ போனை எடுத்துக் கையில குடுத்தேன். வாங்குனவ அப்பாவக் கூப்புடுவான்னு பாத்தா, கட்டைவிரலு அது பாட்டுக்கு எங்கேயோ போயிட்டு. வீடியோவுல ஒருத்தன் கத்தியால சோப்பச் சீவுதான், சீவல் சீவலா விழுது. அதப் பாத்துக்கிட்டு நிக்கா. கண்ணச் சிமிட்டல. சோப்பு முடிஞ்சு இன்னொரு சோப்பு வருது. அப்பதான் போன் அடிச்சுது. 'அப்பா'ன்னு வந்தவுடனே நெருப்பத் தொட்டவ கணக்கா என் மடியில தூக்கிப் போட்டுட்டா.

"நீங்களே பேசுங்க மேடம். நீங்க நல்லாப் பேசுதீங்க. எனக்கு வராது."

ஸ்பீக்கர்ல போட்டேன். அவ கட்டில ஒட்டித் தரையில சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டா. அவரு வழக்கம்போல மோட்டாரு, கடைன்னு ஆரம்பிச்சு, எங்கெங்கேயோ சுத்தி, அவ அம்மா செத்த நாளுக்கு வந்து நின்னாரு. "எல்லாரும் அன்னைக்கு ஒன்ன ஏசுனாவ, தாயக் கிடத்தியிருக்கு, பிள்ள போன் விளையாடுதுன்னு. நான் ஒன்னப் பாத்துப் பொறாமப்பட்டேன் கனி. ஒனக்குக் கையில பிடிச்சுக்கிட ஏதோ ஒண்ணு இருந்துச்சு. எனக்குக் கைய எங்க வைக்கன்னே தெரியல. சட்டைப் பையில வச்சேன், இடுப்புல வச்சேன், எங்க வச்சாலும் சரியில்ல."

ஜெபக்கனி போனுக்குப் பின்னால நான் ஒட்டியிருந்த பேருச் சீட்டை நகத்தால கொஞ்சம் கொஞ்சமாக் கிழிச்சு எடுத்தா. நான் பேச வாயெடுத்தேன், தொண்டையில ஏதோ தூசி. இருமிட்டு, "சரிப்பா, போய் இட்லியச் சாப்பிடுங்க"ன்னு வச்சுட்டேன்.

வியாழக்கெழம அவளக் கூட்டிக்கிட்டுப் போயிரதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஹாஸ்டல் சட்டப்படி பிள்ள வெளிய போகணும்னா அப்பா போன்ல அனுமதி சொல்லணும். அப்பா ஆபரேசனுக்குப் படுத்திருக்காரு, அவருக்குத் தெரியாமல்லா நாங்க போறோம், யார்கிட்ட அனுமதி கேக்க? கேட்டுக்காரன்கிட்ட, "வயித்துவலி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்"ன்னேன். அவளுக்கு வயித்துவலி இருந்துச்சுதான. அவ போனை மட்டும் என் கைப்பைக்குள்ள வச்சுக்கிட்டேன். கையில குடுக்கல. நோன்பு இன்னும் முடியலல்லா? சட்டம்னா சட்டம்தான்.

ஆஸ்பத்திரியில ஒரு நீளமான நடை. பச்சை அங்கியப் போட்டுக்கிட்டு ஒரு பெஞ்சுல உக்காந்திருக்காரு ஞானசிகாமணி. பூஞ்ச உடம்பு. போன்ல கேட்ட குரலுக்கு நான் நல்ல வாட்டசாட்டமான ஆளா நெனச்சு வச்சிருந்தேன். மவளப் பாத்ததும் எந்திரிக்கப் போனாரு, பால்துரை பிடிச்சு உக்கார வச்சான்.

"வந்துட்டியா?"

"ம்."

"சாப்ட்டியா?"

"ம்."

அவ்வளவுதான்! ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து, எதுத்த சுவத்துல கை கழுவுத படம் ஒட்டியிருக்கு, அதையே பாக்காவ. முதல்ல சோப்புப் போடு, பொறவு விரலிடுக்குல தேய்யின்னு போட்டிருக்கு. அத வாசிக்காவ. பால்துரை மருந்து வாங்கப் போயிட்டான். எனக்கா, அடிச்சுச் சொல்லுதேன், ரெண்டு பேரையும் பிடிச்சு உலுக்கணும் போல இருந்துச்சு. அவர உள்ள கொண்டுபோக ஆளு வந்துருவாவ. நெஞ்சத் தொறந்து மூடி, மனுசன் திரும்பி வருவாரோ, என்னமோ. இதுக கை கழுவுத படத்தப் பாத்துக்கிட்டு இருக்கு.

அப்ப அவரு மெதுவா அங்கிக்குள்ளேந்து போனை எடுத்தாரு. எதையோ அமுக்குனாரு. என் கைப்பைக்குள்ள கனி போன் அடிக்கு.

நான் ஓடிப்போயி தண்ணி கேன் வச்சிருக்க இடத்துல, தூணுக்குப் பின்னால நின்னு எடுத்தேன். என் கைதான் உனக்குத் தெரியுமே.

"கனி"ங்காரு. மவ பக்கத்துலதான் உக்காந்திருக்கா. அவ வாயி மூடித்தான் இருக்கு. அதப் பாத்துக்கிட்டேதான் போன்ல பேசுதாரு. "ஒன் பக்கத்துலதான் இருக்கேன் பிள்ள. பேச்சு வரமாட்டேங்கு."

"பரவால்லப்பா"ன்னேன்.

"இங்க ரொம்பக் குளிரா இருக்கு."

"ஆஸ்பத்திரின்னா அப்படித்தான்ப்பா இருக்கும்."

ஜெபக்கனி எந்திரிச்சா. நேரா தூணுக்குப் பின்னால வந்தா. என்னத்தையோ திருடிப் பிடிபட்டவ மாதிரி நான் நிக்கேன். கைய நீட்டுனா. "குடுங்க மேடம்." நோன்பு இருக்கேன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். குடுத்துட்டேன். அவ திரும்பிப் போயி அப்பா பக்கத்துல, முன்னால உக்காந்த இடத்துலயே உக்காந்து, போனைக் காதுல வச்சா.

"யப்பா."

"ம்."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்."

பொறவு பேசுனாவ பாரு. தோளும் தோளும் இடிக்குது, ஆளுக்கு ஒரு போனு, ரெண்டு பேரும் எதுத்த சுவத்தப் பாத்துக்கிட்டு. அவ அம்மாவப் பத்திப் பேசுனா. அன்னைக்கு விளையாட்டுல ஒரு முட்டாயும் உடையல, கண்ணு நெறைய தண்ணி, கட்டமெல்லாம் கலங்கித்தான் தெரிஞ்சுதுன்னா. அவரு, "அத ஏன் சொல்லல?"ன்னாரு. "நீங்க கேக்கல"ன்னா. ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு பையன் சக்கர நாற்காலியத் தள்ளிக்கிட்டு வந்தான். ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, "பக்கத்துல உக்காந்துக்கிட்டு எதுக்குய்யா போனு?"ங்கான்.

"முக்கியமான கால் தம்பி, வச்சிரக் கூடாது"ன்னாரு அவரு.

நாற்காலியில ஏத்தித் தள்ளிக்கிட்டுப் போறான், பேசிக்கிட்டே போறாரு. இவ பின்னாலயே நடந்துகிட்டுப் பேசுதா. கண்ணாடிக் கதவுக்கிட்ட, போனை உள்ள கொண்டு போகக் கூடாதுன்னுட்டாவ. அவரு அத அணைக்காமலே மவ கையில குடுத்தாரு. கதவு மூடிருச்சு. இவ ஒரு காதுல ஒரு போனு, இன்னொரு காதுல இன்னொரு போனு வச்சுக்கிட்டு அப்படியே நிக்கா. ரெண்டும் பேச்சுல இருக்கு. ஒண்ணுல மூச்சு விடுதா, இன்னொண்ணுல அத அவளே கேக்கா. நான் போயி ஒண்ண வாங்கி அணைக்கணும்னு பாத்தேன். வேண்டாம்னுட்டா.

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. அவரு தேறி, பேசுத அளவுக்கு வந்தப்போ நான் போய் பாத்தேன். என்னையப் பாத்து, "நீங்கதான?"ன்னாரு.

"என்னது நான்தான?"

"ரெண்டாவது நாளே தெரிஞ்சுட்டு. என் பிள்ள என்ன சாப்ட்டீங்களான்னு கேக்காது. அதுக்குக் கேக்கத் தெரியாது. வேற யாரோன்னு தெரிஞ்சுதான் பேசுனேன்"ன்னாரு.

எப்படி இருக்கு பாரு. அப்ப அந்த வாரம் முழுக்க இட்லி, மோட்டாரு, பயமா இருக்குன்னு சொன்னது எல்லாம் மவகிட்ட இல்ல, முன்னப்பின்னத் தெரியாத ஒரு பொம்பளைகிட்ட. எனக்கு முகமெல்லாம் சூடாயிட்டு. பிரசர்தான். நர்ஸக் கூப்புட்டு அங்கனயே பாக்கச் சொன்னேன். சரியா இருக்குன்னு சொன்னா. அந்த மிசினு ரிப்பேரு.

நோன்பு முடிஞ்சு போனையெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சு. பீரோ காலியாயிட்டு. அப்பப்ப தொறந்து தூசி தட்டுவேன். இங்கன விசயம் அதோட முடிஞ்சிருக்கும். அனுசூயா மேடம்தான் பெத்தவங்களக் கூப்புட்டு ஒரு விழா வச்சுட்டாவ. மேடையில பெரிய திரையில ஒரு கோடு, மேல மேல ஏறிக்கிட்டே போகுது. நோன்பு வாரத்துல பெத்தவங்களும் பிள்ளைகளும் மனசுவிட்டுப் பேசுன அளவாம் அது. பெத்தவங்களக் கேட்டே எடுத்த கணக்காம். ஒரே கைதட்டல். மேடத்துக்குச் சால்வை வேற போத்துனாவ.

ஒரு அம்மா எந்திரிச்சாவ. "ரொம்ப சந்தோசம் மேடம். ஆனா அந்த வாரம் அவ்வளவு பாசமாப் பேசுன பிள்ள, போன் திரும்பக் கைக்கு வந்ததுலேந்து மறுபடியும் ம்முங்கா. அன்னைக்கு என் முட்டுவலிக்கு முடக்கத்தான் ரசம் வைக்கச் சொன்னா."

பின்னால ஒரு அம்மா, "என் மவளும் முடக்கத்தான் ரசம்தான் சொன்னா."

"எங்க பிள்ளையும்."

அங்கங்க எந்திரிக்காவ. மொத்த ஹாலும் முடக்கத்தான் ரசம்ங்கு. அனுசூயா மேடம் மெதுவா பிள்ளைகளப் பாத்து, "நோன்பு வாரத்துல உங்க போன்லாம் எங்க இருந்துச்சு?"ன்னு கேட்டாவ. எல்லாப் பிள்ளைகளும் என்னையத் திரும்பிப் பாத்துது. திரையில கோடு மேல ஏறுன எடத்துலயே நிக்குது.

ஆள்மாறாட்டம்னாவ. ஆராய்ச்சியக் கெடுத்துட்டேன்னாவ. அனுமதி இல்லாம பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போனதையும் சேத்துக்கிட்டாவ. ஆனா கரஸ்பாண்டன்ட் அய்யா தங்கமான மனுசன். ரூமுக்குக் கூப்புட்டு, உக்கார வச்சு, காப்பி குடுத்து, "சண்முகவடிவு, இத்தன வருசமா இருக்கீங்க. எழுதித் தரல்லாம் வேண்டாம். இந்தப் பிள்ளைகள விட்டுப் போக எனக்கு வருத்தமா இருக்கு, இருக்க விடுங்கன்னு வாயால ஒரு வார்த்த சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்"ன்னாரு.

ஒரு வார்த்ததான? வாயத் தொறந்தேன். 'வரு'ன்னு வந்துச்சு. மிச்சம் வரல. காப்பி வேற சூடு. அவரு பொறுமையா இருந்தாரு, சுவத்துக் கடிகாரத்தப் பாத்தாரு, திரும்பவும் என்னப் பாத்தாரு.

"ஓகே சார்"ன்னேன்.

"ஓகேன்னா?"

"ஓகேன்னா ஓகே சார்."

எனக்கு வருத்தம் இல்லல்லா, இல்லாததச் சொல்ல முடியுமா? பொய் சொல்லுத பழக்கம் நமக்குக் கிடையாது.

இன்னைக்குக் காலைல கிளம்பும்போது பிள்ளைகள்லாம் மாடி வராந்தாவுல வந்து நின்னுச்சு. நீயும் இங்கனதான உக்காந்திருந்த, பஸ் கிளம்புத நேரம் ஒரு பொண்ணு சன்னலுக்குக் கீழ நின்னாளே, மஞ்சச் சுடிதாரு, பாத்தியா? அவதான் ஜெபக்கனி. ஹாஸ்டல்லேந்து என் பெட்டியத் தூக்கிக்கிட்டே வந்தா. வழியெல்லாம் ஒரு வார்த்த கிடையாது. சீட்டுல உக்கார வச்சா, தண்ணி பாட்டில வாங்கிக் குடுத்தா, கீழ எறங்கி சன்னல்கிட்ட நின்னா. வண்டி நகர ஆரம்பிச்சதும் கூடவே ஓடி வந்து, சன்னலுக்குக் கீழ தகரத்துல படபடன்னு தட்டி, ஊருக்கே கேக்குத மாதிரி கத்துதா, "மேடம், எனக்கு அழுகையா வருது! வயிறு இல்ல மேடம், அழுகைதான்! தெரிஞ்சுட்டு மேடம்!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்குது. வெக்கமா இல்ல? "வெயில்ல நிக்காத, போ"ன்னேன்.

அவ தட்டுன சத்தத்துல கண்டக்டர் விசில ஊதி வண்டிய நிப்பாட்டிட்டான். நேரா என்கிட்ட வந்து, "யம்மா, அந்தப் பொண்ணு ஒங்களத்தான கூப்புடுது, என்னத்தையும் விட்டுட்டு வந்துட்டீங்களா? வேணும்னா எறங்கி வாங்கிட்டு வாங்க, நான் நிக்கேன்"ங்கான். பாவம், நல்ல பையன். வண்டியில எல்லாரும் என்னையவே பாக்காவ. அவ கீழ நிக்கா, மூக்கச் சிந்திக்கிட்டு.

"ஒண்ணும் விடலப்பா, நீ வண்டிய எடுக்கச் சொல்லு"ன்னேன்.